திருபுவனத்திலிருந்து திருப்பூர்: ஊர் திரும்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் திருபுவனத்து நெசவுக் குடும்பம். 2007-இல் நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூருக்கு வந்தோம். அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று எதற்கு ஊருக்குப் போனாலும் ஒரே கேள்விகள்தான். இங்கே லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரர்களில் பாதிப் பேர் டெல்டாக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர்களும் இதைத்தான் பேசுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

திருபுவனம்னா மதுரைப் பக்கம் வைகைக் கரையில இருக்கே, அதா?

அது திருப்புவனம், சிவகங்கை மாவட்டம். எங்களுடையது தஞ்சாவூர் மாவட்டம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில், திருவிடைமருதூருக்கு முன்னால் வரும். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலும் பட்டுச் சேலையும்தான் ஊருக்கு அடையாளம். திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அட்டையில் மதுரை என்றே எழுதிவிட்டார்கள். திருத்தச் சொல்லிவிட்டு நானே மறந்துபோனேன்.

பட்டுக்குப் பேர் போன ஊரை விட்டுட்டு பனியன் கம்பெனிக்குப் போவாங்களா யாராவது?

பசி பட்டினி என்று கிளம்பவில்லை. வேலை விட்டு விட்டு வர ஆரம்பித்தது, அவ்வளவுதான். முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார். நாம் நெய்து சேலையைக் கொடுத்துக் கூலி வாங்குவோம். எங்கள் வீட்டில் ஒரு சேலை இறங்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஒரு பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) முடிந்தால் அடுத்த பாவு இரண்டு நாளில் வந்துவிடும் என்று இருந்தது போய், பத்து நாள் ஆனது, அப்புறம் ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் கூலி கிடையாது. ஆனால் வேலை இல்லாதவர் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள், தறி கூடத்திலேயே நிற்கிறதே.

அந்த இடைவெளியில் முன்பணம் வாங்கிச் சாப்பிட்டோம். முன்பணம் ஏற ஏற, கூலி குறைவு என்று வேறு முதலாளியிடம் போகவும் முடியாது. பாக்கியை அடைத்துவிட்டுப் போ என்பார். இந்த நேரத்தில் திருப்பூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி சொன்னது ஒரே ஒரு வரி: "சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், அத்தை." எவ்வளவு என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. எப்போது வரும் என்று தெரிந்த பணம் எங்களுக்கு அவ்வளவு புதிதாக இருந்தது.

அப்போ தறி வேலை நின்னே போச்சா? கடையில சேலை விக்குதே?

நிற்கவில்லை. 1955-இல் தொடங்கிய பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இன்றும் நடக்கிறது. 2019-இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் சேலையை விசிறி மடிப்பாக மடிப்பார்கள், பிரித்துப் பார்க்காமலே ஊரைச் சொல்லிவிடலாம்.

குறைந்துகொண்டே வருவது தெருவுக்கு எத்தனை தறி என்ற எண்ணிக்கை. பட்டு பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. இரண்டின் விலையும் நெய்கிறவர் கையில் இல்லை. விலை ஏறினால் முதலாளி முதலில் செய்வது பாவு கொடுப்பதைத் தள்ளிப்போடுவது. இன்னொரு பக்கம் விசைத்தறிச் சேலை. சேலை உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கும் சட்டம் 1985-இலிருந்தே இருக்கிறது. ஆனால் கல்யாண ஜவுளிக்கு வந்து நிற்கிற குடும்பம் சட்டத்தைப் பார்ப்பதில்லை, விலைச் சீட்டைப் பார்க்கிறது. நானே தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு விசைத்தறி 'சாஃப்ட் சில்க்' எடுத்தவள்தான். ஒளித்துவைத்துப் பயனில்லை.

டெல்டான்னா நெல்லும் வாய்க்காலும்தானே, தொழில் எங்க இருந்துச்சு நலிஞ்சு போக?

திருப்பூர்க்காரர்கள் எல்லோரும் கேட்பது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு மட்டும்தான் செய்தியில் வருகிறது, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறை, நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, சுவாமிமலையில் சிலை வார்ப்பு, எங்கள் பக்கம் பட்டு. ஆற்றங்கரை முழுக்கக் கைவேலைதான். விளக்கும் சிலையும் வார்க்கிற அச்சுக்குக் காவிரி வண்டல் மண்தான் ஆதாரம். குடமும் அண்டாவும் அடித்த பட்டறைகளை எவர்சில்வர் வந்து ஓரம் கட்டியது. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் குடம்.

ஊரை விட்டுத் தொழில் போவதும் தொழிலின் பின்னால் ஆள் போவதும் இங்கே நேற்றைய கதை இல்லை. நாகப்பட்டினத்தில் பெரிய ரயில்வே பட்டறை இருந்தது. 1928 வாக்கில் அதைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். அதே 1928-இல் ஆள்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டறையோடு குடும்பங்களும் பொன்மலைக்குப் போயின. அங்கே யாராவது "பூர்வீகம் நாகை" என்று சொன்னால் இப்போது எனக்குக் காரணம் புரிகிறது.

ஏன் திருப்பூர்? சிங்கப்பூர், துபாய் போயிருக்கலாமே?

ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. திருப்பூருக்கு பஸ் டிக்கெட் போதும்.

அக்கா, ஊர் ஞாபகம் எப்போ ரொம்ப வரும்?

பொங்கல், தீபாவளிக்கு வருவதில்லை. அப்போது நாமே அங்கே இருப்போம். வருவது சம்பந்தமே இல்லாத நேரத்தில். எங்கள் கம்பெனியில் மின்சாரம் போனால் நூறு மெஷினும் ஒரே நொடியில் அடங்கும். அந்த அமைதியில் எனக்குத் தெருத் தறிச் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும். தறிகள் அப்படி ஒன்றாக நிற்காது. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் ஓடும். எதிர்வீட்டுத் தாத்தா தறி நின்றால் அவருக்குக் காபி வந்துவிட்டது என்று அர்த்தம். நேரமாகியும் நின்றே இருந்தால் எங்கள் அம்மா போய் எட்டிப் பார்ப்பார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு. அவருக்கு விடியற்காலை பாவு நீட்டுவதுதான். வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துப் பிடித்து, அறுந்த இழையை முடிச்சுப் போட்டு, திரும்பச் சுருட்ட வேண்டும். அதற்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை, தெருவில் நிற்கிறவர்கள் வந்து பிடிப்பார்கள். திருப்பூரில் பதினெட்டு வருஷம் ஆகப் போகும்போது ஒருநாள், "இந்த ஊர்ல நான் கூப்பிடாம யாரும் வந்ததில்ல" என்றார். உடம்பு சரியில்லாத நாள் அது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே உதவி செய்கிறவர்கள் நிறைய. கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

2020-ல கொரோனாவுக்கு ஊருக்கு வந்தீங்களே, அப்படியே தங்கியிருக்கலாமே?

தங்கத்தான் நினைத்தோம். பூட்டியிருந்த வீட்டைத் திறந்து, தறியைத் துடைத்து, பாவு கேட்டு முதலாளி வீட்டுக்குப் போனோம். ஐம்பது பேர் கல்யாணத்துக்கு யார் பட்டு எடுப்பார்கள்? இருக்கிற நெசவாளர்களுக்கே பாவு இல்லை. ஊருக்குத் திரும்பி வந்தவர்களுக்கு எங்கிருந்து கொடுப்பார்?

அந்த மூன்று மாதத்தில் ஒன்று தெரிந்தது. ஊர் நன்றாக இருக்கும்போது திரும்பிப் போகத் தோன்றுவதில்லை, வெளியூர் கெட்டுப்போகும்போதுதான் தோன்றுகிறது. வெளியூர் கெட்டுப்போகும் நேரத்தில் ஊரும் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். 2011 ஜனவரி கடைசியில் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடியபோதும் பலர் பெட்டியைக் கட்டினார்கள். நாங்களும் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

அமெரிக்கா வரி போட்டதும் திருப்பூரே ஆடிப்போச்சே. இப்பவே கிளம்பிடறது புத்திசாலித்தனமா?

2025 ஆகஸ்டில் 50 சதவீத வரி வந்ததும் எங்கள் லைனில் ஓவர்டைம் நின்றது உண்மை. மேலே சொன்ன பதிலை இன்னொரு தடவை படியுங்கள். விரட்டப்பட்டுத் திரும்பினால் வந்த வேகத்திலேயே மறுபடி கிளம்ப வேண்டியிருக்கும். என் கண்ணால் பார்த்த வரை ஊரில் நிலைத்தவர்கள் இங்கே வேலை நன்றாக ஓடும்போது கிளம்பியவர்கள்தான்.

திரும்பி வர எவ்வளவு பணம் சேர்த்திருக்கணும்?

தொகையாகக் கேட்காதீர்கள், மாதமாகக் கேளுங்கள். சேலைக்கூலியோ கடையோ எதுவும் வராமல் எத்தனை மாதம் அடுப்பு எரியும்? பட்டு நெசவுக்குத் திரும்புவதென்றால் ஒரு வருஷம் என்பது என் கணக்கு. பாவு இடைவெளிதான் எங்களை ஊரை விட்டு எழுப்பியது என்று முன்பே சொன்னேன். அதே இடைவெளி அங்கே இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பி.எஃப். பிடிக்கிற கம்பெனியில் இருப்பவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். மாத ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 வருஷ சர்வீஸ் வேண்டும், 58 வயதில் கிடைக்கும். கம்பெனி மாறியிருந்தால் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தால்தான் வருஷங்கள் கூடும். ஒன்பது வருஷத்தில் மொத்தமும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வருஷம் என்று யாராவது சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார். பீஸ் ரேட் ஆட்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சே இல்லை.

ரேஷன் கார்டு, ஓட்டு, சங்கத்து உறுப்பினர் எல்லாத்தையும் திருப்பூருக்கு மாத்திடணுமா?

ரேஷனுக்கு அவசரம் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து கார்டு எந்த ஊரில் இருந்தாலும் வேறு ஊர்க் கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். ஓட்டு, வழக்கமாக வசிக்கிற இடத்தில்தான். ஆசைக்காக இரண்டு இடத்தில் வைத்திருப்பது குற்றம். நாங்கள் திருப்பூருக்கு மாற்றிவிட்டோம். மாற்றிய அன்று வீட்டுக்காரர் சாப்பிடவில்லை.

கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருந்தால் அதை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். கைத்தறி நெசவாளருக்கான சேமிப்புத் திட்டம், முதியோர் ஓய்வூதியம், கடன் எல்லாம் அந்த உறுப்பினர் எண்ணை ஒட்டித்தான். நெய்யாமலே உறுப்பினராகத் தொடர முடியுமா என்பதைச் சங்கத்திலேயே நேரில் கேளுங்கள். டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். வீட்டில் தறி ஓடினால் கிடைக்கும் இலவச மின்சாரமும் (இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், 2023-இல் 200-லிருந்து கூட்டினார்கள்) தறி ஓடுகிற வீட்டுக்குத்தான். பூட்டிய வீட்டுக்கு இல்லை.

வீட்டைப் பூட்டியே வைக்கிறதுக்கு வித்துட்டு இங்கயே இடம் வாங்கிடலாமா?

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பாதி வீடுகள் தாத்தா பெயரில் நிற்கும். வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, பட்டா மாற்றம் இவற்றை விற்பதற்காக இல்லாவிட்டாலும் பெரியவர்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வீட்டு வரி ரசீதை வருஷா வருஷம் உங்கள் கையால் கட்டி வாங்குங்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் இதைச் செய்யாமல் விட்டு, இப்போது மூன்று ஊரில் இருக்கும் ஏழு பேர் கையெழுத்து வேண்டியிருக்கிறது. அதில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

தறிக்குழி சும்மா கிடக்கு. மூடி டைல்ஸ் போட்டுடவா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிப்பார். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்தக் குழியில் தண்ணீர் ஊறும். இறைத்துவிட்டு உட்கார வேண்டும், ஊற்று நிற்காவிட்டால் வேலையே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் அது கொசுக் குளம். அதனால் மூடுகிறவர்களை நான் குற்றம் சொல்லவில்லை. கூடமும் பெரிதாகத் தெரியும், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாக இருக்கும்.

ஆனால் எங்கள் தெருவில் கவனித்துப் பார்த்தேன். வெளியூர் போனதால் மட்டும் யாரும் ஊரை இழக்கவில்லை. முதல் வருஷம் தறியைப் பிரித்துப் பரண்மேல் போடுகிறார்கள். டிசைன் போட உதவும் ஜக்கார்டு பெட்டியை யாரோ இரவல் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள், திரும்பி வருவதில்லை. தறியில் இழைகளைக் கோக்கும் அச்சும் விழுதும் எலி கடிக்கிறது. சங்கத்துச் சந்தா நிற்கிறது. கடைசியில் குழியில் மண்ணைக் கொட்டி டைல்ஸ். குழி திரும்பத் தோண்டுவது பெரிய வேலையே இல்லை, இரண்டு ஆள் ஒரு நாள் செய்வார்கள். ஆனால் வழவழவென்று போட்ட கூடத்தை உடைக்க எந்த வீட்டிலும் மனசு வராது. ஒரு அண்ணன் உண்மையிலேயே திரும்பி வந்து, டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு, மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார். அதனால் என் யோசனை, பலகை போட்டு மூடுங்கள், மண் போட வேண்டாம். மழைக்கு முன்னால் ஒரு தடவை வந்து பாருங்கள்.

இத்தனை வருஷம் கழிச்சு உக்காந்தா கை வருமா?

வரும், மெதுவாக. 2022-இல் வீட்டுக்காரர் இரண்டு மாதம் லீவு போட்டு ஒரு உறவுக்காரர் தறியில் உட்கார்ந்து பார்த்தார். நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) தள்ளுவதும் மிதியும் முதல் நாளே வந்துவிட்டது. படுத்தியது கண். பாவு பிணைக்கும்போது இழை தெரியவில்லை, கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் இடுப்பு. முதல் சேலைக்கு மூன்று வாரம் பிடித்தது, ஓரத்தில் ஒரு இடம் இறுக்கமாக வந்து கூலியில் பிடித்தார்கள். அந்தக் கூலியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தபோது, திருப்பூரில் தீபாவளி போனஸ் வாங்கிய எந்த நாளிலும் பார்க்காத முகம். ஆனால் கணக்கு கணக்குதான். நாற்பத்தைந்துக்கு மேல் முழு நேர நெசவுக்குத் திரும்பச் சொல்லி யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

பசங்க வர மாட்டேங்கறாங்களே?

அவர்கள் எங்கே 'திரும்பி' வருவது? பிறந்ததே இங்கே. என் மகள் "போச்சாது விடும்மா" (பரவாயில்லை, விடும்மா) என்கிறாள். ஊரில் என் அம்மாவுக்கு அது என்ன பாஷை என்றே புரியவில்லை. நம் ஏக்கத்தைப் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டாம். பத்தாவது, பன்னிரண்டாவது நடுவில் பள்ளி மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

டெல்டாவுக்குப் பெரிய கம்பெனி வந்தா எல்லாரும் திரும்பிடலாமே? சட்டம் போட்டுத் தடுத்துட்டாங்களாமே?

2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். அது தடுப்பது துத்தநாக உருக்காலை, செம்பு உருக்காலை, இரும்புத் தாது ஆலை, தோல் பதனிடுதல், எண்ணெய்-எரிவாயு தோண்டுதல் போன்றவற்றை. தையல் கம்பெனியையோ நெசவுக் கூடத்தையோ அது தடுக்கவில்லை. தஞ்சாவூரில் 2024-இல் ஐ.டி. கம்பெனிகளுக்கான மினி டைடல் பூங்காகூடத் திறந்தார்கள். படித்த பிள்ளைகளில் சிலருக்கு அது உதவும்.

என் சந்தேகம் வேறு. ஊருக்குப் பக்கத்தில் தையல் கம்பெனி வந்து, நான் அங்கே செக்கிங்கில் உட்கார்ந்தால், நான் திரும்பியதாக அர்த்தமா? வீட்டுக்காரர் "ஆமா, ராத்திரி நம்ம வீட்ல படுக்கலாமே" என்கிறார். அதுவும் சரிதான்.

அவர் ஊருக்குப் போகலாம்கிறார், எனக்கு இஷ்டமில்ல. நான் நினைக்கறது தப்பாக்கா?

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் பெண்கள், எல்லோரும் ஆண்கள் இல்லாத நேரத்தில் கேட்டார்கள். தப்பே இல்லை.

தறியில் ஒரு சேலை இறங்க வீட்டுப் பெண் இழை சுற்ற வேண்டும், தார் (குறுக்கு நூல் சுற்றிய சிறு குழல்) சுற்ற வேண்டும், கோர்வைக்குக் (உடலையும் கரையையும் இணைத்து நெய்வதற்கு) கூட உட்கார வேண்டும். கூலிச் சீட்டில் பெயர் அவருடையது மட்டும். எட்டு வயதிலிருந்து தார் சுற்றிய எனக்கு முதல் சம்பளம் என் பெயரில் வந்தது திருப்பூரில். அதை வாங்கிய சனிக்கிழமை ஒரு முழம் மல்லிகைப்பூவும் கால் கிலோ மிக்சரும் யாரையும் கேட்காமல் வாங்கினேன். ஊர் ஏக்கம் எனக்கும் இருக்கிறது, மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கூடத்துக்குத் திரும்பினால் நான் சுற்றுகிற தாருக்கு என்ன கணக்கு என்று முதலில் பேசிவிட்டுத்தான் பெட்டி கட்டுவேன். நீங்களும் பேசுங்கள். சண்டையாகத்தான் தொடங்கும், பரவாயில்லை.

சரி, நீங்க எப்போதான் திரும்பறீங்க?

2016 மகாமகத்துக்கு ஊருக்கு வந்தபோது, அடுத்த மகாமகத்துக்குள் வந்துவிடுவோம் என்று வீட்டுக்காரர் குளக்கரையில் நின்று எல்லோரிடமும் சொன்னார். அடுத்தது 2028. அதனால் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்.

இப்போதைக்குப் பேசி வைத்திருப்பது இதுதான். மகள் கல்லூரி முடியும் வரை நான் இங்கே. அவர் 2028-க்குப் பிறகு வருஷத்தில் நான்கு மாதம், முகூர்த்தம் மும்முரமாக இருக்கும் நேரத்தில் மட்டும், அங்கே போய் நெய்வார். நூல் சுற்ற ஆள் வைத்துக் கூலி கொடுப்பார். கோயம்புத்தூர்-மயிலாடுதுறை ஜன சதாப்தி திருப்பூரில் நிற்கிறது, கும்பகோணத்திலும் நிற்கிறது, காலையில் ஏறினால் பகலிலேயே இறங்கிவிடலாம். இந்த ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை போக வேண்டும். போன வருஷம் குழிமேல் போட்ட பலகையில் ஒன்று உளுத்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அத்தை போனில் சொன்னார்.